ஐந்தாம் அத்தியாயத்தில் சாகவேண்டியவன்

கல்லூரி முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கால் ஊனமான ஒரு வில்லாளி ஒழுங்காகச் செத்துப்போகிறானா என்று பார்த்துச் சொல்வது. சிறுசேரியில் கண்ணாடி போட்ட ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் அந்த வேலை நடந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கணினி விளையாட்டு தயாரிக்கும். அது கடைக்குப் போவதற்கு முன்னால் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து விளையாடிப் பிழை கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. விளையாடுவதற்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா என்று கேட்டார்கள். தாலுகா ஆபீசில் அட்டெண்டராக இருந்த அப்பா மட்டும், கேட்டவர்களிடமெல்லாம் "சாஃப்ட்வேர்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துக்கொண்டார்.

அது மாயாஜாலக் கதை. ஒரு ராஜ்யம், ஒரு கெட்ட மந்திரவாதி, நெருப்பு கக்கிக்கொண்டு பறக்கிற பெரிய பல்லி ஒன்று. விளையாடுகிறவர்தான் நாயகன். கூடவே இரண்டு தோழர்கள் வருவார்கள். ஒருத்தி மந்திரம் தெரிந்த இளவரசி, இன்னொருத்தன் இந்த வில்லாளி. நாயகன் எது செய்தாலும் திரையின் ஓரத்தில் ஒரு கோடு ஏறும், அல்லது இறங்கும். பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால் ஏறும். அவனை எட்டி உதைத்தால் இறங்கும். அதற்குப் பெயர் அறம். அந்த உலகத்தில் பிச்சைக்காரனைப் பார்த்தவன் ஒன்று கொடுப்பான், இல்லாவிட்டால் உதைப்பான். "சில்லறை இல்லப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிற, நாம் எல்லோரும் தினமும் செய்கிற காரியத்துக்கு அதில் பொத்தானே கிடையாது.

இந்த வியாபாரம் எனக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும். வாரத்தில் செய்த நற்செயல்களை வந்து சொன்னால் சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் நம் அட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவார். நான் ஒரு வாரம் முழுக்க என் மதியச் சாப்பாட்டைப் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குக் கொடுத்தேன். அவள் அப்பாவுக்கு பஜாரில் பாத்திரக்கடை. என் டப்பாவில் இருந்த புளிச்சோற்றை அவள் முகர்ந்து பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் காக்காய்க்குப் போட்டாள். அது எனக்குத் தெரியும். இருந்தும் ஐந்து நாள் கொடுத்தேன், ஐந்து நட்சத்திரம் வாங்கினேன். அட்டை நிறைந்த அன்று மாதா படம் ஒன்று பரிசாக வந்தது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டினார்கள். நல்லவளாவது இவ்வளவுதான் என்று எட்டு வயதில் தெரிந்துகொண்டவளிடம் வெள்ளைக்காரன் ஒரு கோட்டை ஏற்றிக் காட்டினால் அவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

என் பக்கத்து நாற்காலியில் இருந்தவனுக்கு அந்தக் கோட்டின் மேல் பெரிய மரியாதை இருந்தது. அவன் திருவிடந்தைக்காரன். அவன் வீட்டில் பெருமாள் கோயில் வாசலில் மாலைக்கடை வைத்திருந்தார்கள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுகிற கோயில் அது. "ஊர்ல கீற அத்தினி பேருக்கும் கல்யாணம் ஆவுது, மாலை கட்டறவன் வூட்ல மட்டும் ஆவ மாட்டேங்குது" என்று அவனே சொல்லிக்கொள்வான். காலையில் பூக்கூடைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, கோவளம் வந்து கேளம்பாக்கம் வழியாக பைக்கில் வேலைக்கு வருவான். திருப்போரூர் சுற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் நான் தூங்கி வழிந்து வந்து சேரும்போது அவன் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பான். ஏசி அறையில் அவனைச் சுற்றி மட்டும் சம்பங்கி வாசனை அடிக்கும்.

வேலைக்காக விளையாடும்போதுகூட அவன் பிச்சைக்காரனைத் தாண்டிப் போக மாட்டான். காசு போட்டுவிட்டுத்தான் நகருவான். அதனால் அவனுக்கு வேலை மெதுவாக நடந்தது. வாரக் கடைசியில் யார் எத்தனை பிழை எழுதினார்கள் என்று டீம் லீடர் பட்டியல் போடுவார். பிழையை நாங்கள் பக் என்போம். அந்தப் பட்டியலில் அவன் எப்போதும் அடியில் இருப்பான். நான் நடுவில்.

வில்லாளியை அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஆள் ஓயாமல் பேசுவான், தண்ணீரைக் கண்டால் பயப்படுவான், சட்டைப்பையில் காய்ந்த மீன் ஒன்றை வைத்துக்கொண்டு சண்டைக்கு நடுவில் எடுத்துக் கடிப்பான். "கருவாடு வெச்சிகினு கீறான் பாரு, நம்மாளு" என்று இவன் முதல் நாளே சொந்தம் கொண்டாடிவிட்டான்.

நம்மாளு ஐந்தாம் அத்தியாயத்தில் சாகவேண்டும். ஒரு மரப்பாலம் உடையும். ஒரு பக்கம் இளவரசி தொங்குவாள், இன்னொரு பக்கம் வில்லாளி. வயலின் அழும். யாரைக் காப்பாற்றப் போகிறாய் என்று திரையில் ஒரு கட்டம் வரும். இந்த முடிவை நீங்கள் ஆயுள் முழுக்கச் சுமப்பீர்கள் என்று தயாரித்தவர்கள் இன்டர்நெட்டில் எழுதியிருந்தார்கள். சோதிப்பதற்காக எங்களுக்கு அனுப்பியிருந்த ஷீட்டில் கதை வேறு. இளவரசியைத் தூக்கினால் வில்லாளி ஆற்றில் விழுந்து சாவான். வில்லாளியைத் தூக்கினால் இளவரசி மந்திரம் போட்டுத் தானே ஏறி வந்துவிடுவாள், வில்லாளி அடுத்த ஊரில் காய்ச்சல் கண்டு சாவான். இரண்டு பேரையும் தூக்காமல் நின்றால் "நீங்கள் வாழுங்கள்" என்று வில்லாளி ஒரு வசனம் சொல்லிவிட்டுத் தானே கையை விட்டுவிடுவான். மூன்று வழி, ஒரே பிணம். கடைசிப் பத்தியில் காரணமும் போட்டிருந்தது: அவனுக்குக் குரல் கொடுத்த நடிகரோடு ஐந்தாம் அத்தியாயம் வரைக்கும்தான் ஒப்பந்தம்.

அந்த மூன்று சாவையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. உதடு அசைவது சரியா, மழை சரியான இடத்தில் தொடங்குகிறதா, நாயகன் மண்டியிடுகிறானா. "இறந்த பிறகு இரண்டு முறை கண் சிமிட்டுகிறான்" என்று ஒரு பக் எழுதினேன். "காய்ச்சலில் படுத்திருக்கும்போது கையில் வில் மிதக்கிறது" என்று இன்னொன்று. காலையில் நாலு முறை கொன்றுவிட்டுப் போய் தயிர்சாதம் சாப்பிடுவேன். முதல் வாரத்திலேயே எனக்கு அந்த வயலினைக் கேட்டாலே கொட்டாவி வந்தது.

ஒரு நாள் மதியம் எல்லோரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். நான் பாதியில் திரும்பி வந்தபோது அவன் தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் எட்டாம் அத்தியாயம். இரவு முகாம், நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இளவரசி பாடுகிறாள். கொஞ்சம் தள்ளி வில்லாளி நிற்கிறான். மூன்று அத்தியாயத்துக்கு முன்னாலேயே செத்திருக்க வேண்டியவன்.

எப்படி என்று கேட்டேன். மறைக்க முடியாது என்று தெரிந்ததும் சொல்லிவிட்டான். பாலத்துக்கு முன்னால் ஒரு படகோட்டியின் குடிசை வரும். அங்கே வில்லாளியின் பை நிறையக் கல்லை ஏற்றிவிட வேண்டும். பாரம் தாங்காமல் அவனால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. பாலம் உடையும்போது விளையாட்டு அவனைத் தேடும். அவன் வர முடியாமல் குடிசையிலேயே நின்றுகொண்டிருப்பான். இளவரசியை மட்டும் காப்பாற்றிவிட்டுத் திரும்பிப் போய்க் கல்லை இறக்கினால் பின்னாலேயே வந்துவிடுவான். ஆனால் அதற்கப்புறம் அவனுக்கு ஒரு வசனமும் எழுதப்படவில்லை. எதுவும் பேச மாட்டான். முகாமில் எல்லோரும் நெருப்பைப் பார்த்து உட்கார, இவன் ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

"இதுக்குப் பேரு உயிரோட இருக்கறதா" என்றேன்.

"பேசாட்டி இன்னா" என்றான். "எங்கப்பாரு எங்கம்மாகிட்ட பேசி ஆறு வருசம் ஆவுது. சோறு துன்னுகினு நல்லாத்தான கீறாரு."

பிறகு இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். கண்டுபிடித்து ஒரு வாரமாகிறது, எழுதாமல் வைத்திருக்கிறேன், விளையாட்டு இப்படியே கடைக்குப் போகட்டும், உலகத்தில் எவனாவது ஒருத்தன் தற்செயலாகக் கல்லை ஏற்றி அவனைக் காப்பாற்றிக்கொண்டு போகட்டும் என்றான். இருபத்து நான்கு வயது ஆண்பிள்ளை, கண் கலங்காத குறையாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அந்த வாரம் என் கணக்கில் உருப்படியாக ஒரு பக்கூட இல்லை. சாயங்காலம் பட்டியல் போடுவதற்குள் ஏதாவது வேண்டும். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. செய்முறையை வரிசையாகப் போட்டு, கதையையே கெடுக்கிற பெரிய பிழை என்று முத்திரை குத்தி, என் பெயரில் அனுப்பிவிட்டேன். நிச்சயமாகச் செய்யப் போகிறீர்களா என்று எந்தக் கட்டமும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் அமுக்கியிருப்பேன். பொம்மை ஒன்றுக்காக நான் ஏன் பட்டியலில் அடிக்குப் போக வேண்டும்?

திங்கட்கிழமை கிளையன்ட்டிடமிருந்து பாராட்டு மெயில் வந்தது, எல்லோருக்கும் நகலோடு. டீம் லீடர் கைதட்டச் சொன்னார். ஐந்து பேர் தட்டினார்கள், அவனும் தட்டினான். அதற்குப் பிறகு நான் எழுதியதைத் திறந்து முழுக்கப் படித்தான். நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்லு ஏழு போதும்" என்றான். "நீ எட்டுன்னு போட்டுகினு கீற. மாத்திடு."

மாற்றினேன். அடுத்த முறை திருத்தி அனுப்பிய விளையாட்டில் வில்லாளி பையில் மலையையே ஏற்றினாலும் பாலத்துக்கு வந்து சேர்ந்தான், செத்தான். அதைச் சரிபார்க்கும் வேலையை டீம் லீடர் அவனிடமே கொடுத்தார். அவன் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று எழுதி முடித்தான்.

அதற்கு நாலைந்து மாதம் கழித்து அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தன. சிறுசேரியில் பஸ்கள் காலியாக ஓட ஆரம்பித்தன. எங்கள் ஆறு பேரில் மூன்று பேர் போதும் என்று கிளையன்ட் சொல்லிவிட்டான். டீம் லீடர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. மேசையில் பிள்ளையார் படம், பக்கத்தில் மாத்திரை டப்பா, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

என்னிடம் வேறு ஒன்று கேட்டார். மெஷின்களைக் கணக்கெடுக்கும்போது அவன் கணினியில், விளையாட்டைப் பாதியில் சேமித்துவைத்த பழைய சேவ் ஒன்று இருந்ததாம். அதில் வில்லாளி உயிரோடு இருக்கிறான். தேதியைப் பார்த்தால் நான் பக் எழுதியதற்கு ஒரு வாரம் முந்தையது.

"அவன் முன்னாடியே கண்டுபிடிச்சு மறைச்சு வெச்சிருந்தானாம்மா?" என்று கேட்டார். "உங்களுக்கு எதாவது தெரியுமா?"

நான் சொல்லியிருக்கக் கூடியவை எத்தனையோ. அவன் எழுதத்தான் இருந்தான், என்னிடம் காட்டினான், நான் முந்திக்கொண்டு என் பெயரில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முக்கால் பங்கு உண்மை, கால் பங்கு அவனுக்காகப் பொய். பாராட்டு அவனுக்குப் போயிருக்கும், என் பெயர் கெட்டிருக்கும். ஆமாம் மறைத்தான் என்று சொல்லியிருக்கலாம். அது முழு உண்மை, அவனை அன்றே அனுப்பியிருப்பார்கள். இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லும் தைரியமாவது இருந்திருந்தால் நான் நல்லவள் அல்லது கெட்டவள் என்று ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்திருப்பேன்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அவர் தலையாட்டி ஏதோ எழுதிக்கொண்டார். ஏசி இரைந்துகொண்டிருந்தது. எழுந்து வந்து என் இடத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன். பசித்தது என்றுகூட நினைவிருக்கிறது.

போகவேண்டிய மூன்று பேரில் அவனும் ஒருவன். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, மேசையில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டான். கீழே டீக்கடையில் எல்லோரும் அவர்களை வழியனுப்பப் போனார்கள். எனக்கு பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டேன். பஸ் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் அதில் ஏறி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளையாட்டு கடைக்கு வந்தது. பிய்த்துக்கொண்டு போயிற்று. பாலத்துக் காட்சியைப் பற்றி உலகமெங்கும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று ஒருவன் எழுதியிருந்தான். இளவரசியைத் தேர்ந்தெடுத்த குற்ற உணர்ச்சியில் தன்னால் அலுவலகம் போக முடியவில்லை என்று இன்னொருவன். புதிதாகச் சேர்ந்த பையன்கள் இதையெல்லாம் உரக்கப் படித்துவிட்டு, எவ்வளவு ஆழமான விளையாட்டு என்று என்னிடம் சொல்வார்கள். அதற்குள் நான் டீம் லீடர் ஆகியிருந்தேன். ஷீட்டை எடுத்துக் காட்டி அவர்கள் வாயை அடைக்க ஆசை வரும். ஆனால் அந்த அறையில் குற்ற உணர்ச்சியைப் பற்றி வாய் திறக்கும் தகுதி எனக்கு எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியும். அழுதவனாவது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான். நான் ஒரு வேளைகூட விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தவக்காலத்தில், அம்மா வற்புறுத்தியதால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல மண்டியிட்டேன். பூசையைத் தவறவிட்டது, அம்மாவை எதிர்த்துப் பேசியது என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிக்கொண்டு வந்தவள் திடீரென்று இதையும் சொல்லிவிட்டேன். வில்லாளி, கல், பக் எல்லாவற்றையும் சாமியாருக்குப் புரியவைக்கவே நேரம் பிடித்தது. பின்னால் வரிசையில் இருந்தவர்கள் இருமினார்கள். அவர் பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். அந்த விலையைக் கேட்டதும் எனக்குப் பழைய நட்சத்திர அட்டைதான் ஞாபகம் வந்தது. ஆனால் நான் எழுவதற்குள் அவர் இன்னொன்றும் சொன்னார். அந்தத் தம்பியை நேரில் பார்த்துச் சொல்லிவிடும்மா என்றார்.

ஒரு சனிக்கிழமை காலையில் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஈசிஆர் பஸ் பிடித்துத் திருவிடந்தையில் இறங்கினேன். முகூர்த்த மாதம். கோயில் வாசலில் கார்களும் வேன்களும் நின்றன. கடையில் அவன்தான் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். வேலையைப் பற்றிக் கேட்டான். தான் கோவளத்தில் ஒரு ரிசார்ட்டில் மாலை ஷிஃப்ட்டில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்வதாகவும், காலையில் கடை என்றும் சொன்னான். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததை நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டீம் லீடர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும்.

அவன் மாலை கட்டுவதை நிறுத்தவில்லை. "நீ இன்னா சொல்லியிருந்தாலும் என்னத்தான் அனுப்பியிருப்பானுங்க" என்றான். "லிஸ்ட்ல கடைசியா இருந்தவன் நான்தான?"

என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவன் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இத்த சொல்றதுக்கு உங்க கோயில்ல ஒரு பொட்டி கீதே. அங்க போவலியா?"

"போனேன்."

"இன்னா சொன்னாரு?"

"உன்ன நேர்ல பாத்து சொல்லச் சொன்னாரு."

"அப்ப நீயா வர்ல" என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. பூவை எண்ணுகிற குரலில் சொன்னான்.

உள்ளேயிருந்து அவன் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். கூட வேலை பார்த்த பொண்ணு என்று அவன் சொன்னதும் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்டார். வந்தது வந்தாய், ஒரு மாலையைப் போட்டுக்கொண்டு சுற்றிவிட்டுப் போ, வர தை மாதத்துக்குள் ஆகிவிடும் என்று ரோஜாமாலை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அது வேதக்காரப் பொண்ணும்மா, உடு" என்றான் அவன். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு மாலையைத் திரும்ப எடுத்து, ஈரத்துணியால் மூடி வைத்தார்.

வேன் ஒன்று வந்து நின்றது. ஒரு குடும்பமே இறங்கிக் கடையை மொய்த்தது. போய்வருகிறேன் என்று சொன்னேன்; அவன் தலையை அசைத்தான். மறுபடி வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ப்புறம் நின்றேன். மாமல்லபுரம் பஸ் வர அரை மணி ஆனது. அந்த அரை மணியில் அவன் நாலு குடும்பத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்தான், ஒரு மாப்பிள்ளைப் பையனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்தான், பூவுக்குத் தண்ணீர் தெளித்தான். இந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.